ஏழு வீடு, ஒரு பழைய கார்

படுக்கையோடு கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது அவள் தொழில். நாளொன்றுக்கு ஏழு வீடு. அவள் நர்ஸ் அல்ல. ஆனாலும் எல்லாரும் நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள். தொட்டி, ரப்பர் விரிப்பு, ஆளைத் தூக்கும் பட்டை, துண்டு மூட்டை எல்லாம் பத்தொன்பது வயதான காரின் பின்சீட்டில் குடியிருந்தன.

பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிகள் அடுத்த மாதம் முதல் பகலில் நகரின் உள்வட்டத்துக்குள் வரக் கூடாது என்று நகராட்சி அறிவித்தது. புகை குறைய வேண்டுமாம். அதில் அவளுக்கு மறுப்பில்லை. ஆனால் ஏழு வீடும் உள்வட்டத்தில்தான் இருந்தன. அங்கே குடியேற வாடகை கட்டுப்படியாகாது. புது காரை நினைத்துப் பார்க்கவே முடியாது. விதிவிலக்குக் கேட்டு எழுதினாள். படிவத்தில் வேலை செய்யும் இடத்துக்கு ஒரே கட்டம். ஏழு முகவரியையும் எறும்பு எழுத்தில் அதற்குள் அடைத்து அனுப்பினாள். 'ஒரு முகவரி மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்குப் போனாள். திட்டம் போட்ட பொறியாளர் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"உங்க தெருவிலேருந்து உள்வட்டத்துக்குப் பஸ்ஸுல இருபத்தஞ்சே நிமிஷம்மா."

"அது முதல் வீட்டுக்கு சார். மிச்சம் ஆறு வீட்டுக்கு யார் போறது, உங்க மேப்பா?"

பின்வரிசையிலிருந்து குழாய் ரிப்பேர்க்காரர் குரல் கொடுத்தார்: "என்னைக் கேளுங்க சார். பஸ்ஸுல டிக்கெட் எனக்கா, என் ஏணிக்கா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பொறியாளர் விடவில்லை. "பக்கத்துப் பக்கத்து வீடா வரிசையை மாத்திக்கலாமே?"

"முதல் வீட்டுல அம்மாவைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். ஒண்ணு நான், இன்னொண்ணு அவங்க பொண்ணு. அந்தப் பொண்ணு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிடும். அடுத்த வீட்டுல மருந்து கொடுத்து அரை மணிக்குள்ள குளிப்பாட்டணும். தெருவைப் பார்த்துப் போற வேலை இல்ல சார் இது, உடம்பைப் பார்த்துப் போற வேலை."

ஆட்சேபம் கேட்க உட்கார்ந்திருந்த குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் உங்களோட பஸ்ஸுல வர்றோம். என்ன சார், வர்றீங்கல்ல?"

மறுநாள் காலை தொட்டியைப் பொறியாளர் தூக்கிக்கொண்டார்.

"தினமும் இவ்வளவா?"

"இன்னைக்கு உங்களுக்காகப் பாதியை வீட்லயே வெச்சுட்டேன் சார்."

முதல் பஸ்ஸில் தொட்டியை ஏற்றவே விடவில்லை. இரண்டாவதில் நிற்க இடமில்லை. முதல் வீட்டை அடைந்தபோது அந்தப் பெண் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். தலைவியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தார். மூன்று வீடு முடிவதற்குள் மதியம் பன்னிரண்டு.

நாலாவது வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கிடந்தார். தொட்டியோடு நின்ற பொறியாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது ஆளாய்யா? மழைக்காலத்துத் தபால்கூட இவ்வளவு லேட்டா வராதே." பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு மணி நேரமா ஈரத்துல கிடக்கேன்மா."

பொறியாளர் தொட்டியைக் கீழே வைத்தார். அவள் சொல்வதற்கு முன்பே கிழவரின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் திருத்தத்தை முன்மொழிந்தவர் பொறியாளரேதான். குறைந்த வருமானத்தில், வண்டியை நம்பி இடம் மாறி மாறி வேலை செய்பவர்களுக்குத் தடை கிடையாது. வண்டி மாற்ற நகராட்சி உதவி செய்து, புது வண்டி கைக்கு வந்த பிறகுதான் பழையதை நிறுத்தச் சொல்லலாம்.

"ஒரு மனுஷன் ஒரே இடத்துலதான் வேலை பார்ப்பான்னு நெனச்சு விதி எழுதிட்டேன். தப்பு என்னோடது," என்றார்.

கைகள் அத்தனையும் உயர்ந்தன. மண்டபமே அதிர்ந்தது. மெக்கானிக்கான அவள் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்: "என் தங்கச்சிய்யா!"

"இறங்குண்ணா, மானம் போகுது," என்றாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாதம் பிறந்த முதல் காலையில் உள்வட்டத்தின் வாசலில் பழைய வண்டிகள் வரிசைகட்டி நின்றன. காவலாளி பட்டியலில் எண்ணைச் சரிபார்த்துத் தடுப்புக் கம்பத்தை உயர்த்தினான். "போங்க நர்ஸம்மா!" கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தது.

ஏழேகாலுக்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் திறந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா! உங்களைப் பார்க்கத்தான் தெருமுனைக்குக் கிளம்பினேன்."

"வராம? செருப்பைக் கழட்டு, இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. அம்மாவைப் பிடி, நான் இந்தப் பக்கம்."

இருவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.