டௌவேயின் மாற்றாள்

டௌவே முதுகெலும்பு முறிந்து படுத்த மறுநாள் காலை, அவனுடைய ஆரஞ்சு நிறக் கோட்டு ஆணியிலிருந்து இறங்கி வேலைக்குப் போயிற்று. நெதர்லாந்துத் துறைமுகமான ஹார்லிங்கனில் அன்று கடல்காற்று பலம். கோட்டு கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு அணைக்கரையோரம் நடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. முந்தின நாள் டௌவேமேல் பார்சல் அடுக்கிய கம்பிக் கூண்டுவண்டி சரிந்த அதே பார்சல் கிடங்கில் யாரும் அதிசயிக்கவில்லை. டிசம்பர் மாதம், ஆள் பற்றாக்குறை. மேற்பார்வையாளன் சீப்ரன், "மேல் பொத்தானப் போடு" என்றான். போட்டுக்கொண்டது. வேன் சாவியைக் கொடுத்தான்.

டௌவேயின் மனைவி ஷௌக்யே, கல்யாணமானதிலிருந்து விடியற்காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காகிதத்தில் சுற்றி அந்தக் கோட்டுப் பையில் வைப்பவள். அவன் படுத்துவிட்ட பிறகும் கை பழக்கத்தில் வைத்துவிட்டது. வைத்ததும்தான் கோட்டு கிளம்பியது. பிறகு தினமும் வைத்தாள். மாலையில் பை காலியாகத் திரும்பியது.

"உன் வீட்டுக்காரனுக்கு இது தேவலடி, வாசல்ல நின்னு வம்பளக்கிறதில்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அதுக்கு வாய் கிடையாது, அதான் கம்பெனிக்குப் பிடிச்சுப்போச்சு" என்றான் டௌவே, படுக்கையிலிருந்து.

ஈஸ்டருக்கு முன் அவன் செத்தான். அடக்கத்தன்றும் கோட்டு வேலைக்குப் போயிற்று. டௌவே தொழிலாளி என்றால் கம்பெனி விதவைக்கு ஆயுள் முழுக்க உதவித்தொகை தர வேண்டும். சுயேச்சை ஒப்பந்தக்காரன் என்றால் ஒன்றும் கிடையாது, வாடகைக்கு வழியில்லாமல் வீட்டையும் காலி செய்ய வேண்டும். போகும் வழி, நேரம், பொத்தான் வரைக்கும் கம்பெனி சொன்னபடிதான் என்று நீதிமன்றத்தில் ஷௌக்யேயின் வக்கீல் வாதாடினார். கம்பெனி வக்கீல் சுருக்கமாகப் பேசினார்: தன் இடத்துக்கு வேறொருவரை அனுப்பக்கூடியவன் தொழிலாளி அல்ல. பிறகு ஷௌக்யேயை விசாரித்தார்.

"கோட்ட அனுப்புனது யாரும்மா?"

"அதுவாத்தாங்க போச்சு."

"பையில ரொட்டி வெச்சது?"

"நான்தான். பழக்கம்ங்க."

"மறுநாளும் வெச்சீங்களே?"

"வேலைக்குப் போறது பசியோட போகக் கூடாதில்லீங்களா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நீதிபதி கோட்டை உட்காரச் சொன்னார். அதன் கழுத்துப்பட்டை சீப்ரன் பக்கம் திரும்பியது. அவன் தலையசைத்தான். உட்கார்ந்தது.

மனைவி அறிய மாற்றாளை அனுப்பிய டௌவே சுயேச்சை ஒப்பந்தக்காரன் என்று தீர்ப்பாயிற்று. தலையசைப்பு இல்லாமல் உட்காரவும் முடியாத கோட்டு தொழிலாளி. அதற்குச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் உண்டு.

ஷௌக்யே மீன் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறைக்குக் குடிபோய், சுவரில் ஆணி அடித்தாள். கோட்டு நேராக அங்கே வந்து தொங்கியது. சில நாட்கள் அவள் ரொட்டி வைக்கவில்லை, அது நகரவில்லை. அறையின் சொந்தக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் தட்டிப் போனார். அடுத்த காலை ரொட்டியைப் பையில் வைத்தாள், கோட்டின் கைகளுக்குள் தன் கைகளையும் நுழைத்துக்கொண்டாள். கோட்டு நடந்தது.

கிடங்கு வாசலில் சீப்ரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல் பொத்தான்" என்றான்.

அவள் கையைத் தூக்குமுன் கோட்டே போட்டுக்கொண்டது.