ஸ்கேலில் கட்டிய சாவி

நர்ஸ் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ராத்திரி முழுக்க சேர்ந்தது இவ்வளவுதாம்மா."

தங்கை பார்த்தாள். பையின் மூலையில் ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் கிடந்தது. அடியில் சளி மாதிரி ஏதோ மிதந்தது. நாற்றம் மருந்து நெடியையும் தாண்டி வந்தது. அக்காவுடையது, முகம் சுளிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சுளித்தாள்.

டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயசு. அவரும் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"தண்ணியே குடிக்க மாட்டாங்களா இவங்க?"

"குடிப்பாங்க டாக்டர். சாயங்காலம், வீட்டுக்கு வந்தப்புறம்."

"பகல்ல?"

"பகல்ல ஸ்கூல்."

இது என்ன பதில் என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார். சுவரோரம் நின்ற அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குடும்பத்தில் அது முழுமையான பதில்.

அக்கா உயிரியல் டீச்சர், தங்கை கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி. பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு. வகுப்பில் டீச்சர் இல்லாத நேரத்தில் ஒரு பையன் மேஜையிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து, வேறொரு டீச்சர் வந்து வாசலில் நின்றால்தான் உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். கேட்க நியாயமான விதிதான். ஆனால் வந்து நிற்க ஆள் வேண்டுமே. ஓய்வு வகுப்பு என்று அட்டவணையில் இருப்பதெல்லாம், வராத டீச்சர்களின் வகுப்புகளை நிரப்பவே சரியாகப் போய்விடும். மணி அடித்து அடுத்த மணி அடிப்பதற்குள் மாடியிலிருந்து இறங்கி, இன்னொரு கட்டடத்தின் மாடி ஏற வேண்டும்.

அப்படியும் ஒருத்தியைப் பிடித்து நிற்க வைத்துவிட்டால், அடுத்தது சாவி. டீச்சர்களின் கழிவறைச் சாவி முதல்வரின் அறையில் ஒரு ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாதென்று அதை ஒரு நீளமான மர ஸ்கேலில் கட்டியிருந்தார்கள். உள்ளே போய்க் கேட்க வேண்டும். முதல்வர் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், பிறகு கண்ணால் ஆணியைக் காட்டுவார். ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு பெரிய வகுப்புகளின் ஜன்னல்களைக் கடந்து போகும்போது உள்ளே ஒரு குரல் எழும்: "டேய், டீச்சர் அளக்கப் போறாங்கடா!" சிரிப்பு ஜன்னல் ஜன்னலாகக் கூடவே வரும்.

அதனால் யாரும் போவதில்லை. போகாமல் இருக்க ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. தங்கை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அக்கா தலை வாரிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். "காலைல அரை டம்ளர் போதும்டி. நாக்கு ஒட்டுச்சுன்னா ஒரு மிட்டாய வாயில போட்டுக்கோ. முட்டுற மாதிரி இருந்தா காலை மாத்தி நில்லு, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுது. கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிடும்."

அடங்கத்தான் செய்யும். சிறுநீர்ப்பை நிறைய நிறைய அதன் சுவர் விரிந்து மூளைக்குச் சொல்லும். மூளை 'பிறகு' என்றால் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி சொல்லும். சிறுநீர் நின்றபடி தேங்கினால் கிருமிக்குக் குளம் வெட்டிக் கொடுத்த மாதிரி. அது அங்கே பெருகி, குழாய் வழியே மேலே ஏறும். சிறுநீரகத்தைத் தொடும். அங்கிருந்து ரத்தத்துக்குப் போக ஒரு மெல்லிய தடுப்புதான். இதையெல்லாம் தங்கை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அக்கா வண்ணச் சாக்பீஸால் அவரை விதை மாதிரி இரண்டு சிறுநீரகங்கள் வரைந்து நடத்தும்போது, பக்கத்து வகுப்பில் நின்று கேட்டது. அக்காவின் குரல் சுவரைத் தாண்டும். அந்தப் பாடத்தை அவள் நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும் என்பார்கள்.

போன பருவத்தில் பள்ளியில் 'ஆசிரியர் நலன்' என்று ஒரு பயிலரங்கு வைத்தார்கள். விடுமுறை நாளில். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி, 'நான் எனக்கு முக்கியம்' என்று மனசுக்குள் சொல்லச் சொன்னார். முடிவில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேலே 'உங்களை நீங்களே நேசியுங்கள்' என்று அச்சடித்திருந்தது. பயிலரங்கு முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. சாவி தொங்கும் முதல்வர் அறை அன்றைக்குப் பூட்டியிருந்தது.

அக்கா அந்தப் பாட்டிலை தினமும் நிரப்பி மேஜைமேல் வைப்பாள். முதல்வருக்கு மேஜைமேல் அது தெரிய வேண்டும். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனித் தொட்டிகளில் ஊற்றுவாள். செடிகள் கம்பியை மறைத்துக்கொண்டு வளர்ந்தன.

முதுகு வலியை அவள் நின்று நின்று வந்தது என்றாள். காய்ச்சலை வெயில் என்றாள். பரீட்சை நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில்தான், ஓவிய டீச்சரை வாசலில் நிற்க வைத்துவிட்டு அவளே ஸ்கேலை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. கதவைத் தள்ளித் திறந்தபோது ஈரத் தரையில், நிறைந்து வழிந்த குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தாள். ஸ்கேலை விரல்களிலிருந்து பிரித்தெடுத்துத் தன் கைப்பையில் திணித்தது தங்கைதான். அது இன்னும் பையில்தான் இருந்தது.

மதியத்துக்குச் சற்று முன்பு அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"யாருடி நிக்கிறா?"

"நான்தாங்க்கா."

"கொஞ்சம் நில்லுடி. பசங்க சத்தம் போடுவானுங்க. போய்ட்டு வந்துடறேன்."

சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது, எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"போய்ட்டு வாக்கா. நான் நிக்கிறேன்."

அக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மறுநாள் ஒரு சிறிய இறுதிச்சடங்கு மண்டபத்தில் பள்ளியே வந்திருந்தது. சவப்பெட்டியின் காலடியில் பள்ளி அனுப்பிய மலர்வளையம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வைத்திருந்தார்கள். உள்ளே வியர்த்து, பூக்கள் அழுக ஆரம்பித்திருந்தன. குறுக்கே ஒரு பட்டை: 'ஓய்வறியா உழைப்பு'.

காலையிலிருந்து தங்கை காகிதக் கோப்பையில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. ஓவிய டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரோந்து வருது," என்றாள் உதடு அசையாமல். முதல்வருக்கு டீச்சர்கள் வைத்த பெயர் அது.

முதல்வர் குனிந்து தங்கையின் தோளைத் தொட்டார். வாசனைத் திரவிய நெடி தொண்டையில் இறங்கியது.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. இந்த மாதிரி ஒரு டீச்சர் இனி கிடைப்பாங்களா?" குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சாவி... உங்ககிட்ட இருக்குன்னாங்க. டீச்சர்ஸ் எல்லாம் கொஞ்சம் சிரமப்படுவாங்க. இப்பவே வேணும்னு இல்ல."

"சரிங்க மேடம்."

"அப்புறம், அக்காவோட வகுப்பு. பரீட்சை நேரம், புது ஆள் போட முடியாது. உங்க வகுப்போட சேர்த்து அதையும் நீங்க பார்த்துக்கிட்டா அவங்க ஆத்மாவுக்கே நிம்மதி. நான் பேசறப்ப சொல்லிடறேன், என்ன?"

தங்கை அத்தானைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் நிக்கிறேன்' என்று அவள் அக்காவிடம் சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

"சொல்லாத," என்றாள் ஓவிய டீச்சர், முதல்வர் மைக்கை நோக்கி நகர்ந்ததும். "நீ சரின்னு சொன்னா அடுத்த வருஷம் உனக்கும் ஒரு மலர்வளையம் அனுப்புவாங்க."

முதல்வர் மைக்கைத் தட்டினார். பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். ஆண்டு விழாவில் பேசுகிற அதே ஏற்ற இறக்கம். தங்கைக்கு அடிவயிறு கனத்தது. குடித்த தண்ணீரெல்லாம் இறங்கியிருந்தது. அவள் காலை மாற்றிப் போட்டாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். மூச்சைச் சின்னதாக்கினாள். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக டீச்சர்கள் கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு, கைகளை மடியில் அழுத்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி.

"இத்தனை வருஷத்துல," என்றது மைக், "ஒரு நிமிஷம்கூட அவங்க வகுப்பை விட்டு வெளியே போய் நான் பார்த்ததில்ல. அந்த இடத்துல இனிமே நிக்கப்போறது வேற யாரும் இல்ல, அவங்க கூடப்பிறந்த..."

தங்கை எழுந்தாள்.

கைப்பையைத் திறந்து ஸ்கேலை வெளியே எடுத்தாள். மண்டபத்துக் கழிவறைக்குச் சாவி தேவையில்லை, வெறும் தாழ்ப்பாள்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கேலைப் பிடித்தபடி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் நிதானமாக நடந்தாள். சாவி மரத்தில் மோதி டக் டக்கென்றது. பின்வரிசையில் நின்ற பெரிய வகுப்புப் பையன்கள் ஸ்கேலைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை. ஒன்றுக்கு முழுவதும் இருந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, கை கழுவி, கதவைத் திறந்தபோது வெளியே ஓவிய டீச்சர் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தமிழ் டீச்சர். பிறகு விளையாட்டு டீச்சர். அதற்கும் பின்னால் வரிசை மண்டபத்து வாசல்வரை நீண்டு, உள்ளே வளைந்திருந்தது. உள்ளே மைக் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, காலி நாற்காலிகளைப் பார்த்து.

ஓவிய டீச்சர் கையை நீட்டினாள். தங்கை ஸ்கேலைக் கொடுத்தாள்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. முன்வரிசையில் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மலர்வளையத்தின் பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நின்றது, மறுபடி கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.