இலவசப் பல்

அந்த நாட்டைப் புகழ்வதற்கென்று அந்த நாட்டு அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தாலும், அவன் நம் பல்லுக்காரர் அளவுக்கு மனம் ஒன்றி அந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். பல்லுக்காரர் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். மனிதர் பல் டாக்டர் இல்லை. நோயாளியின் வாயில் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஒரு பட்டறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்கிறவர். பிழைக்க வந்த இடத்தில் வருஷக்கணக்காகத் தங்கிவிட்டார். வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து, இப்போது நிரந்தர அனுமதிக்கு மனுப் போட்டிருந்தார்.

இவருடைய புகழ்ச்சியை வாங்கிக்கொள்ளும் பாக்கியம் ஊரிலிருந்து தினமும் போனில் கூப்பிடும் மச்சானுக்குத்தான். மனைவியின் அண்ணன். செய்தி பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவர். இங்கே நடப்பதை இவருக்கு முன்னால் அங்கே தெரிந்துகொண்டு கூப்பிடுவார்.

"மாப்பிள்ளை, உங்க பார்லிமெண்ட்ல வெளிநாட்டுக்காரங்களை எல்லாம் அனுப்பணும்னு ஒருத்தன் மேஜையைத் தட்டறானே, பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான். மேஜையைத் தட்டினவன் தட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டான். ஆபீஸ்ல இருக்கறவங்க அவங்க வேலையைப் பாக்கறாங்க. கத்தற இடம் வேற, கையெழுத்துப் போடற இடம் வேற."

"ரொம்ப நம்பாதீங்க."

"நம்பாம? வேலி விஷயம் கேள்விப்பட்டீங்களா?"

வேலி விஷயத்தை மச்சான் நாலு முறை கேள்விப்பட்டிருந்தார், நாலும் இவர் சொல்லித்தான். சாலைத் துறை மந்திரி வீட்டில் வேலி சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டர், பாவம், ஆளை அனுப்பி நிமிர்த்திக் கொடுத்துவிட்டார். பில் கொடுக்கவில்லை, மந்திரியும் கேட்கவில்லை. அவ்வளவுதான், பத்திரிகையில் வந்தது, மந்திரி ராஜினாமா. பல்லுக்காரருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். "ஒரு வேலிக்கு மந்திரி போனார் மச்சான்! வேலிக்கு!" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு, வேலிக்காக மேய்ப்பனே போனது அதிசயமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

"இந்த நாட்டுக்கு நீங்க மாப்பிள்ளையா, மாமனாரா? இப்படித் தாங்கறீங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்தே வருவாள். வந்த புதிதில் வீட்டுச் சாவியைக் கத்தி மாதிரி விரலிடுக்கில் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், பழைய பழக்கம். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் வாசலில் நின்று சாவியைத் தேடும்போது, அது பையின் அடியில் கிடந்தது. அன்று அங்கேயே நின்று கொஞ்சம் அழுதாள். கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அதையும் மச்சானிடம் சொல்லிவிடுவார் என்பதால்.

மகளுக்கு அது பள்ளியில் கடைசி வருஷம். மனு தள்ளுபடியானால் அவள் பரீட்சை எழுதுவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். இதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்.

குடியேற்ற அலுவலகத்தில் இவருடைய ஃபைல் ஏழாம் கவுண்டரில் இருந்தது. அங்கே இருந்த அம்மா ஐம்பதைத் தாண்டியவர். குரல் உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசும்போது இடது கையை வாய் மேல் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் அதை மரியாதை என்றோ கூச்சம் என்றோ நினைத்திருக்கலாம். பல்லுக்காரருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மேல் வரிசையில், முன்பக்கம், ஒரு பல் இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் காலி இடத்தைப் பார்த்துச் சாய ஆரம்பித்திருந்தன. தையல்காரன் கண்ணில் கிழிந்த சட்டை பட்ட மாதிரி, ஒவ்வொரு முறை போகும்போதும் இவருக்குக் கை துறுதுறுக்கும்.

கடைசிச் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்த நாளில், இவர் கொண்டுபோன வருமான வரிச் சான்றில் பிறந்த தேதி தப்பாக இருந்தது. தப்பு வரி அலுவலகத்தினுடையது. இனி அங்கே போய், டோக்கன் எடுத்து, அவர்கள் இங்கே அனுப்பி, இவர்கள் அங்கே அனுப்பி, மாசக்கணக்கில் இழுக்கும் என்று இவர் நினைத்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தார். யாரிடமோ பேசினார். பிறகு இன்னொருவரிடம் பேசினார். பின்னால் இருந்த இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. திருத்திய சான்று.

"சரியாயிடுச்சு. அவங்க தப்புக்கு நீங்க ஏன் அலையணும்?" என்றார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நன்றி என்று ஒரு வார்த்தையோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. நம் ஆளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் நம்மவர்களுக்கு வெறுங்கையோடு இருக்கத் தெரியாது. கொடுத்தே ஆகவேண்டும்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அந்த ஒரு பல் மட்டும் நான் செஞ்சு தரேன். தெரிஞ்ச டாக்டர் இருக்கார், அச்சு எடுத்துடுவார். காசே வேண்டாம். ஒரு வாரத்துல போட்டுக்கலாம், இயற்கைப் பல் மாதிரியே இருக்கும்."

அந்த அம்மாவின் கை வாயிலிருந்து இறங்கியது. முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று இவருக்குப் புரியவில்லை. அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தார்.

"இதை நான் எழுதியாகணும்."

"எதைம்மா?"

"நீங்க இப்ப சொன்னதை. உங்க ஃபைல் என்கிட்ட இருக்கு. முடிவு இன்னும் வரல. இந்த நேரத்துல எனக்கு இலவசமா ஒண்ணு தரேன்னு சொல்றீங்க. நான் எழுதாம இருந்தா அது என் தப்பு. மேலதிகாரி உங்களைக் கூப்பிடுவார்."

வேலி அப்போதுதான் இவர் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சே, உங்க வாய் மட்டும் ஏங்க சும்மா இருக்கல? அந்தம்மாவே பொத்திக்கிட்டுத்தானே பேசினாங்க!"

"நன்றியாத்தான் சொன்னேன்."

"அந்த கான்ட்ராக்டரும் நன்றியாத்தான் நிமிர்த்தி இருப்பான்."

ஒரு வாரம் புகழ்ந்த நியாயம் இப்போது வீட்டு வாசலில் வந்து நின்று கதவைத் தட்டியது.

மச்சான் போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு சொல்லுவாங்க. நீங்க பல்லையே தானமாக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சரி, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல. கண்ணாடித் தடுப்பு."

"அப்ப சொல்லவே இல்லைன்னு சொல்லுங்க. பல் டாக்டர் விலாசம் குடுத்தேன், அந்தம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, பாஷை பிரச்சனைன்னு சொல்லுங்க. சாட்சி இல்லாத கேஸு."

போனை வைத்த பிறகு மனைவி சமையலறை மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் கடைசியில், திரும்பிப் பார்க்காமல். "எனக்கு இங்க இருக்கணும்ங்க. பயமில்லாம தெருவுல நடக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஆம்பளை, எங்கேயும் நடப்பீங்க. எனக்கு இது இந்த ஊர்லதான் கிடைச்சுது."

அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் பயத்தை அவர் அதுவரை இப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. செய்தியில் வரும் நாட்டைத்தான் அவர் புகழ்ந்துகொண்டிருந்தார். அவளோ அந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தாள். அன்று அவரால் அவளுக்கு ஒரு வாக்கும் கொடுக்க முடியவில்லை.

விசாரணைக்குக் கணவன், மனைவி இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன அறை. ஒரு மேஜை, தண்ணீர்க் குவளை, சன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. மேலதிகாரி இளைஞர், மூக்குக்கண்ணாடி போட்டவர். ஏழாம் கவுண்டர் அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம், ஓரமாக உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

மேலதிகாரி தாளை எடுத்து, அந்த அம்மா எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

'விண்ணப்பதாரர் எனக்கு ஒரு செயற்கைப் பல் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. முடிவைப் பற்றியும் பேசவில்லை. அதற்குச் சற்று முன்புதான் அவருடைய சான்றில் இருந்த தவறைத் திருத்தி வாங்கிக் கொடுத்திருந்தேன். அதற்கு நன்றியாகச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் எண்ணம் மட்டுமே.'

பல்லுக்காரர் நிமிர்ந்தார். மேலதிகாரி பக்கத்தைத் திருப்பினார்.

'எனக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது உண்மை. சில வருஷங்களுக்கு முன் விழுந்தது. அதை மறைக்கத்தான் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறேன். இந்த அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. அவர் கவனித்ததற்குக் காரணம் அவர் தொழில். அவர் பேச்சில் தந்திரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை என்பதை விளக்க, இதையும் எழுத வேண்டியிருக்கிறது.'

அந்த அம்மா தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல்வரை சிவந்திருந்தது. கூட வேலை பார்ப்பவர்களிடம்கூடச் சொல்லாத ஒன்றை, யாரோ ஓர் அந்நியனுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாதென்று, மேலதிகாரி படிக்கும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பல்லுக்காரருக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் மனைவியின் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"இதுல ஏதாவது தப்பு இருக்கா?" என்று கேட்டார் மேலதிகாரி. "இல்லைன்னு மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேற சாட்சி கிடையாது."

மச்சான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. பல்லுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், அந்தப் பொய் வேண்டாம் என்று.

"ஓர் எழுத்துகூடத் தப்பில்ல சார். நான் சொன்னேன். அதை அவங்க எழுதினது சரி. எழுதாம விட்டிருந்தாத்தான் எனக்கு இந்த ஊர் மேல வருத்தம் வந்திருக்கும். ஒரு வேலிக்கு மந்திரி போன ஊர் சார் இது. ஒரு பல்லுக்கு நான் போகவேண்டி வந்தா, அநியாயம்னு சொல்ல மாட்டேன். ஆனா போக மனசில்ல. என் பெண்டாட்டிக்கும் மனசில்ல. அதையும் எழுதிக்குங்க."

மேலதிகாரி உதட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தார். எழுதுகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு இறங்காத நாட்கள், அவ்வளவுதான். மச்சான் மட்டும் தினமும் கூப்பிட்டு, "ஏன் மாப்பிள்ளை, ஒரு பொய் சொன்னா அந்தப் பல் விழுந்திடுமா?" என்று கேட்டார். ஃபைலை வேறு கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு தகவல் வந்தது. கடைசியில், எச்சரிக்கை ஒன்று பதிவு செய்யப்பட்டதாகவும், மனு ஏற்கப்பட்டதாகவும், மூன்றாம் கவுண்டரில் நிரந்தர அனுமதி அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் வந்தது. எச்சரிக்கையைப் படித்துவிட்டு அவர், "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார். மனைவி அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

மனைவியோடு அட்டை வாங்கப் போன நாளில், மூன்றாம் கவுண்டரில் ஒரு பையன் இருந்தான். இவர் வாயைத் திறக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டார், அட்டையை வாங்கினார், நன்றி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதைக்கூடச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

வெளியே படியிறங்கும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஏழாம் கவுண்டர் அம்மா, மதியச் சாப்பாட்டுப் பையோடு.

"கார்டு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சும்மா."

"முடிஞ்சுது. இனி உங்க விஷயம் எதுவும் என்கிட்ட வராது. வரவும் கூடாது, எழுதி வெச்சிருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க செய்யற பல்லை எந்த டாக்டர் வாங்கறார்?"

பல்லுக்காரர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். அவள், சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினாள். அவர் சொன்னார்.

"நான் போய் அச்சுக் குடுக்கறேன். முழு விலை. ரசீது வேணும்."

"கண்டிப்பா குடுப்பாங்க அம்மா."

"காசு வாங்கினாலும் நல்லாச் செய்வீங்களா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காசு வாங்கினாத்தாம்மா திட்டு வாங்கப் பயந்து இன்னும் நல்லாச் செய்வேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். கை பாதி தூரம் மேலே வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிக் கீழே இறங்கியது. பட்டப்பகல் வெளிச்சத்தில், பல்லுக்காரர் பக்கத்துப் பற்களின் நிறத்தை நன்றாகப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டார்.