வேல்விழிக்கு டி.சி.

இதனால் விருத்தாசலம் மாநகரத்தாருக்கும் (இன்னும் நகராட்சிதான், ஒரு மரியாதைக்குச் சொல்வது), வேப்பூர், பெண்ணாடம், கம்மாபுரம் வட்டாரத்து சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ப்யூஸ் கட்டை உலகின் தனிப்பெரும் பீங்கான் சிகரம் பழமலைநாதன் அவர்களின் அருந்தவப் புதல்வி, ப்ளஸ் ஒன் மாணவி வேல்விழி, உயர்கல்வி பயில ஜெர்மனி தேசம் புறப்படுகிறார்.

பாலக்கரையில் நின்ற ஃப்ளெக்ஸ் அப்படித்தான் சொன்னது. உயர்கல்வியெல்லாம் ஒன்றும் இல்லை. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அதே பதினோராம் வகுப்பு. மாணவர்களை அனுப்பிவைக்கும் சென்னை அமைப்பு ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது, செலவும் அவர்களுடையது. அந்த ஐந்து மாதத்தை இங்கே எந்த இடுக்கில் செருகுவது என்பதுதான் பாக்கி.

வேல்விழி படித்த பள்ளியில் ப்ளஸ் ஒன் என்பது பெயருக்குத்தான். ஜூலையிலேயே ப்ளஸ் டூ பாடம் ஆரம்பித்துவிடும். காலை டெஸ்ட், மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை ரிவிஷன். தும்மல் வந்தால்கூட இடைவேளை வரை அடக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள் என்று படித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் அவள் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தாளாளர் 'கல்விச் செம்மல்' கோவிந்தசாமியின் அறைக்கு அப்பாவோடு போனாள். தாய்மாமன் தமிழ்செல்வன் வெளியே காரோடு நின்றான். அப்பா சும்மா போகவில்லை. தன் சூளையில் வெந்த ஒரு முழ உயரப் பீங்கான் குதிரையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். தாளாளர் குதிரையைத் தடவிக் கொடுத்தார். தான் கல்விக்கு ஆற்றிய தொண்டைக் கொஞ்சநேரம் சொன்னார். அப்பா தான் மின்சாரத்துக்கு ஆற்றிய தொண்டைச் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள்.

"அரையாண்டு போயிடும், ரெண்டு ரிவிஷன் போயிடும். அட்டெண்டன்ஸ் இடிக்குது," என்றார் தாளாளர். "ஆனா புள்ளையோட எதிர்காலம் பாருங்க, நானே ஒரு வழி கண்டுபுடிச்சி வச்சிருக்கேன். பேசாம டி.சி.ய வாங்கிக்கிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் ஜூன்ல புதுசா சேத்துக்கலாம்."

கடைசி வாக்கியம் அப்பாவின் காதில் ஏறவில்லை. அவர்கள் தெருவில் டி.சி. என்றால் ஒரே அர்த்தம்தான். டி.சி. வாங்கிய பையன் திருப்பூர் போவான். டி.சி. வாங்கிய பெண்ணுக்கு அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறும்.

"என்னாய்யா சொன்ன?"

"டி.சி.ய வாங்கிக்கிட்டு..."

"எம் பொண்ணுக்கு டி.சி.யா? அவ எவன்கூடய்யா ஓடிப் போனா?"

"அப்பா, அவரு சொல்றது வேற..." என்று வேல்விழி எழுந்தாள். அப்பாவின் புறங்கை அவள் வாயில் விழுந்தது. உதடு பல்லில் கிழிந்தது.

அடுத்து குதிரை எழும்பியது. அரைவேக்காட்டுக் குதிரையாக இருந்தால் முதல் அடியிலேயே உடைந்திருக்கும். பழமலைநாதன் சூளையில் எதுவும் அரைவேக்காடாக வராது. மூன்றாவது அடியில்தான் உடைந்தது. அதற்குள் தாளாளரின் நெற்றி புருவத்திலிருந்து மயிர்க்கால் வரை பிளந்திருந்தது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கி சந்தன நிறச் சட்டையில் சொட்டியது.

வாராவாரம் பிரேயரில் பொறுமையைப் பற்றிப் பேசுபவர் அவர். சுவரிலிருந்த 'சிறந்த கல்வியாளர்' கேடயத்தைப் பிடுங்கி, அதன் விளிம்பால் அப்பாவின் வாயைக் குத்தினார். இரண்டு பல் மேசைக் கண்ணாடியில் விழுந்து ஓடின. அப்பா அவர் கழுத்தைப் பிடித்தார். தாளாளர் அப்பாவின் கட்டைவிரலைக் கடித்து, எலும்பு தட்டுப்பட்டும் விடவில்லை.

"விடுங்கப்பா! சார், விடுங்க சார்!" சட்டையைப் பிடித்து இழுத்த வேல்விழி, கால் வழுக்கிப் பீங்கான் துண்டுகள்மேல் விழுந்தாள். உள்ளங்கை திறந்துகொண்டது.

சத்தம் கேட்டுத் தமிழ்செல்வன் ஓடி வந்தான். "யாருக்குடா டி.சி.?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எதிரே வந்த பி.டி. வாத்தியார் நந்தகுமாரின் மூக்கில் தலையால் முட்டினான். கரும்பு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. நந்தகுமார் ஹாக்கி மட்டையை எடுத்து ஒரே வீச்சில் அவன் தோளெலும்பை உடைத்தார். நான்கு ஆண்களும் தரையில் புரண்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்த பத்தாம் வகுப்பு, பள்ளி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக முழு கவனத்தோடு எதையோ கற்றுக்கொண்டது.

அப்பா ரிமாண்டில் போனார். தாளாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைக்கட்டோடு படுத்தபடி ஒரே ஒரு கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை, ஜாமீனில் வந்த தமிழ்செல்வன் ஒரு கை கழுத்துக் கட்டில் தொங்க, மறுகையில் கொண்டுவந்தான்.

"இதத்தானம்மா அந்த ஆளு வாங்கிக்கச் சொன்னான்? வூடு தேடி வந்துடுச்சி பாரு. நீ கெளம்பு."

நடத்தை: நன்று என்று போட்டிருந்தது. வேல்விழிக்கு, அத்தனை கூத்துக்கும் பிறகு, சிரிப்பு வந்தது. கிழிந்த உதடு வலித்தது. தையல் போட்ட கையால் சென்னை அமைப்புக்குப் போன் செய்து, டி.சி. வாங்கியாயிற்று, எப்போது கிளம்பட்டும் என்று கேட்டாள்.

"டி.சி. எதுக்கும்மா வாங்குனீங்க?" என்றாள் அங்கே போனை எடுத்த பூங்கோதை. "ஒரு லீவு லெட்டர்ல ஸ்கூல்ல கையெழுத்துப் போட்டிருந்தா போதுமே."

ஜெர்மனிக்கு அனுப்பும் அந்தத் திட்டம், இங்கே ஏதாவது ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான்.