விட்டுடாதீங்க

படங்களுக்குச் சட்டம் போடுகிறவருக்கு 'அரைக்காது' என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். எதிராளி வாயைத் திறந்ததுமே மீதியைத் தானே முடித்துக்கொள்கிற ஆசாமி. கைவேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

மாடிக் குழாய் உடைந்து, சுவரில் மாட்டியிருந்த படம் நனைந்துவிட்டது என்று ஒரு பெரியவர் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் நாலைந்து வீடுகள். எந்தக் கடையிலும் கிடைக்கிற அச்சுப்படம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

"கடைசி வீட்டு ஜன்னல்ல ஒரு செவப்புப் பொட்டு இருக்கும். அதை விட்டுடாதீங்க தம்பி. அது வந்து, என் வீட்டுக்காரி..."

"விடுவேனாய்யா? நீங்க கவலைப்படாம போங்க," என்றார் அரைக்காது, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கியபடியே.

பெரியவருக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அரைக்காது படத்தைக் கண்ணாடியோடு தண்ணீர்த் தட்டில் ஊறவிட்டு, நோகாமல் கழற்றினார். பழுப்பு இறங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினார். பொட்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. உற்றுப் பார்த்தால் நகப்பூச்சு. எந்த வாண்டு செய்த வேலையோ என்று திட்டிக்கொண்டே, பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு, அச்சு மை கலையாமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். இருந்த இடம் தெரியவில்லை. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

திரும்பி வந்த பெரியவர் கடைசி வீட்டைத்தான் முதலில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பொட்டு எங்க தம்பி?"

"எடுத்தாச்சுங்க. நீங்கதானே விட்டுடாதீங்கன்னு..." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஊரார் பேச்சையெல்லாம் முடித்து வைத்தவருக்குத் தன் பேச்சை முடிக்க முடியவில்லை.

"வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போச்சு அவளுக்கு. ஒருநாள் நகத்துக்குப் பூசிக்கிட்டு இருந்தவ, எந்திரிச்சு வந்து வச்சா. இதுதான் நம்ம சொந்த வீடு, அடையாளம் போட்டாச்சுன்னு சிரிச்சா. இப்ப அவ இல்ல. தண்ணிக்குக்கூடத் தப்பிச்சுடுச்சேன்னு சந்தோஷமாத்தான் கொண்டாந்தேன்."

அன்றைக்கு ஒரு நிமிஷம் காதுகொடுத்திருந்தால் போதும். அரைக்காதுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அதே செவப்பு வாங்கி, அதே இடத்துல நானே வச்சுக் குடுத்துடட்டுங்களா?"

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வேண்டாம் தம்பி. நீங்க வச்சா அது உங்க வீடாயிடும்."

படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.