குடை இல்லாத கை

வலது கை தோளுக்கு மேலே உயர்ந்திருக்கிறது, விரல்கள் ஒரு கைப்பிடியின் பருமனுக்கு மூடியிருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை, மொட்டைமாடியில் உச்சிவெயில், வெயிலுக்குச் சுருங்க வேண்டிய கண்களை மழைக்குச் சுருக்கியபடி அமல்ராஜ் நிற்கிறான், இடப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, இல்லாத குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்து, தன் வலது தோளை நனையக் கொடுத்து, அண்ணா, குடையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க என்கிறாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து பர்வீன், குடை எங்கே என்று நான் கேட்கவில்லை, அந்த மாடியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, என் கையில் அட்டையில் செருகிய பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சதுரம், சதுரத்துக்குள் போட வேண்டிய டிக், நான் நிழலில் நிற்கிறேன், எப்போதும் நிழலில்தான் நின்றிருக்கிறேன். அது எந்த வருஷம், ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் மழைக்காலத் தள்ளுபடிக்காக எடுத்தது, அந்த வருஷம் மழையும் வரவில்லை, தள்ளுபடியும் நடக்கவில்லை, படம் மட்டும் மிஞ்சியது.

கோயமுத்தூர் வைசியாள் வீதியில், பித்தானும் நூலும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு மொட்டைமாடியுமாக எங்கள் விளம்பரக் கம்பெனி, நான்கே பேர், நடத்துகிறவர் ரங்கநாயகி, எங்களுக்கு ரங்கக்கா, படம் எடுத்து வடிவமைக்கப் பர்வீன், அச்சகத்துக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அலைய அமல், வாசகம் எழுத நான், வெள்ளகோவில் பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை என்பதால் கடிதங்களும் பட்டியல்களும் என் பொறுப்பு, என்னங்க தபாலு, இன்னிக்கு யாருக்குக் கடுதாசி என்றபடிதான் அமல் காலையில் படியேறுவான், ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. மாடலை அமர்த்துவதற்கு முன்னால் எங்களில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்து வரைவில் வைத்துக்கொள்வோம், அதற்கு டம்மி என்று பெயர், பொருள் கையில் இருக்காது, பின்னால் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும் முன் டம்மியை எடுத்துவிட வேண்டும், இதுதான் முறை, மற்றவர்கள் வெறுங்கையை வெறுங்கையாகவே பிடித்தோம், அமல் பிடித்தால் அதில் ஏதோ கனத்தது, பல்பொடிக்கு அப்பா, கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு நோயாளி, கோழித்தீவனத்துக்குப் பண்ணைக்காரர், எல்லாமாகவும் நின்றான், இந்தக் கம்பெனீல உருப்படியான டம்மி நான் ஒருத்தன்தானுங்க, மத்தவீங்கெல்லாம் சம்பளம் வாங்கற டம்மி என்பான், ரங்கக்கா சிரித்துக்கொண்டே பேனா மூடியை எடுத்து அவன்மேல் எறிவார்.

திங்கட்கிழமைகளில் ஒரு வழக்கம் இருந்தது, இருக்கிறது, வருகிற வழியில் கண்ணில் பட்ட ஒன்றைக் கொண்டுவந்து சுவர்ப் பலகையில் குத்த வேண்டும், எதற்கென்று விளக்கம் சொல்லக் கூடாது, என்றைக்காவது அது ஒரு விளம்பரமாக முளைக்கும் என்று ரங்கக்காவுக்கு நம்பிக்கை, பர்வீன் தீப்பெட்டி மேலட்டை கொண்டுவருவாள், நான் யாரோ எழுதிக் கிழித்த வீடு வாடகைக்கு அறிவிப்பு, அமல் ஒருமுறை லாரிச் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தான், அது மூன்று வாரம் பலகையில் காய்ந்து கறுத்தது, ஒரு சோப்பு விளம்பரத்தின் மஞ்சள் அதிலிருந்துதான் வந்தது என்று பர்வீன் இன்றைக்கும் சொல்வாள். எலுமிச்சை இருந்த இடத்தில் இப்போது துருப்பிடித்த குண்டூசி மட்டும் இருக்கிறது, அமல் பதினான்கு மாதங்களுக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், பதினொரு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் சுங்கம் கல்லறைத் தோட்டம், நான் இரங்கல் கடிதம் எழுதினேன், அதற்கும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். கம்ப்யூட்டரில் அமல் டம்மி என்று ஒரு கோப்புறை, முந்நூற்றுச் சொச்சம் படங்கள், அவன் போன பிறகும் பர்வீன் அதிலிருந்தே எடுத்தாள், வேற யாரு நின்னாலும் கை பொய் சொல்லுதுங்க அண்ணா என்றாள்.

பிறகு பாலக்காட்டிலிருந்து குடைக் கம்பெனி சேதுமாதவன் வந்தார், வைகாசி முடிவதற்குள் லட்சுமி மில்ஸ் சிக்னலில் பெரிய பலகை, ஆறு மாதத்துக்கு, பிடித்திருந்தால் வருஷம் முழுக்க எல்லா வேலையும் எங்களுக்கே, அதற்கு முன்னால் இரண்டு மாதமாக எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, இது அமையலைன்னா ஆடிக்கு மேல கீழ கடைக்காரருக்கே இந்த மாடியையும் விட்டுட்டு அவங்கவங்க பொழப்பப் பாக்க வேண்டியதுதான் தம்பி என்று ரங்கக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். பர்வீன் அந்தப் பழைய படத்தை எடுத்து, கையில் குடை வைத்து, இடப்பக்கத்தில் நடிகை நிற்க வேண்டிய இடத்தைச் சாம்பல் கட்டமாக விட்டிருந்தாள், என் பட்டியலின் ஏழாவது வரி, டம்மி மாற்றியாயிற்றா, நான் படத்தைப் பார்த்தேன், நிதானமாகப் பார்த்தேன், டிக் போட்டேன், அந்த இடத்தில் அமல் நிற்பது எனக்குத் தவறாகவே படவில்லை. சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், ஹா, இவன் குடை பிடிக்கிறவன், மத்தவன்லாம் குடை விக்கிறவன், எனக்கு இந்த ஆளு மதி, இவன் போதும், வேற ஆளொண்ணும் வேண்டா என்றார், அப்போதுதான் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் படத்தைப் பார்த்தோம், பர்வீன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், ரங்கக்கா மட்டும், ரெண்டு நாள் குடுங்க, கேட்டுச் சொல்றனுங்க என்றார்.

யாரிடம் கேட்பது, அவன் மனைவி ஜெசிந்தாவிடம்தான், பீளமேட்டில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறார், போனில் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை, நீங்க எழுதுங்க தம்பி, உங்களுக்குத்தான் வரும் என்றார் ரங்கக்கா, எழுதினேன், ஒன்று, நலம், இரண்டு, தவறு என்னுடையது, பட்டியலில் டிக் போட்டது நான், மூன்று, பலகை லட்சுமி மில்ஸ் சிக்னலில் வரும், ஆறு மாதம் இருக்கும், நான்கு, அவருக்கு இடப்பக்கத்தில் ஒரு நடிகை நிற்பார், ஐந்து, தங்கள் முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம், ஐந்தாவதை எழுதும்போது அது உண்மைதானா என்று யோசித்தேன், உண்மையா இல்லையா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மதியம் அவரே கடிதத்தோடு படியேறி வந்தார், ஓரத்தில் என் எண்களுக்கு நேராகப் பதில்கள், ஒன்றுக்குச் சரி, இரண்டுக்குப் பரவாயில்லை, மூன்றுக்கு, தினமும் அங்கேதான் பஸ் மாறுகிறேன், நான்குக்கு நேராக எழுத்து எதுவும் இல்லை, பேனா முனை அழுந்திக் காகிதத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது, ஐந்துக்கு, படத்தைக் காட்டுங்கள்.

பர்வீன் காட்டினாள், ஜெசிந்தா நாற்காலியில் உட்காராமல் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு சிரித்தார், நாங்கள் எதிர்பார்க்காத சிரிப்பு, எங்க கல்யாணத்தன்னிக்குச் சாயந்தரம் நல்ல மழைங்க, சர்ச்சுலருந்து பஸ்ஸுக்கு நடக்கோணும், ஒருத்தர்கிட்டயும் குடை இல்ல, இந்த மனுசன் கைய இப்படிப் புடிச்சுட்டு, வா புள்ள, குடைக்குள்ள வான்னாரு, நானும் கூறுகெட்டத்தனமா உள்ள போயிட்டேன், ரோடு முச்சூடும் எல்லாரும் சிரிக்கறாங்க, போய்ச் சேர்ந்து பாத்தா நான் தொப்பலா நனைஞ்சிருக்கறேன், இவரு என்னடான்னா, சித்த ஓட்டைக் குடைன்னாரு. சொல்லிக்கொண்டே சாம்பல் கட்டத்தின்மேல் விரலை வைத்தார், இது நான் நிக்கற எடமுங்க, அவரைப் போடறதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், இந்த எடத்துல வேற பொம்பளைய நிறுத்தினா நான் எப்படிங்க அங்க பஸ் மாறுவேன். ரங்கக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அங்கேயே போனை எடுத்தார், சார், அந்த ஆளு கெடைக்க மாட்டாருங்க, மறுமுனையில் சேதுமாதவன், வேற கம்பெனிக்குப் போயாச்சோ, ஆமாங்க, வேற எடத்துக்குப் போயிட்டாருங்க, அப்போ அதே மாதிரி நிக்கிற ஒருத்தனைச் சனிக்கிழமைக்குள்ள காட்டுங்கோ, இல்லேன்னா நான் கொச்சியில பார்த்துக்கறேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள், நாடகக் குழுவிலிருந்து ஒருவர் வந்து நின்றார், கை கொடிக்கம்பம் பிடித்தது, உடற்பயிற்சிக்கூடத்து வாலிபர் ஒருவர் வந்து நின்றார், கை கை மாதிரியே இருந்தது, வெள்ளிக்கிழமை மத்தியானம் பர்வீன் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அண்ணா, நீங்க நில்லுங்க என்றாள், நானா, எனக்கு ஐம்பத்தொன்று, நான் பட்டியல் பிடிக்கிறவன் என்றேன், பட்டியலை இப்படிக் குடுங்க தபாலு என்றது ஜெசிந்தாவின் குரல், அவன் வைத்த பெயர் அவன் வீட்டிலும் புழங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தார், எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. நிழலிலிருந்து வெயிலுக்குள் நடந்தேன், கையைத் தூக்கினேன், விரல்களை மூடினேன், அவ்வளவு நேராவா புடிப்பாங்க, சாயுங்க, பக்கத்துல ஆள் இருக்குதுங்களே என்றார் ஜெசிந்தா, யார் இருக்கிறார்கள் என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன், என் இடப்பக்கத்தில் என்றைக்கும் யாரும் நின்றதில்லை, இன்னும், இன்னும் கொஞ்சம், உங்க தோளு நனையோணும், நனைஞ்சாப் பரவால்லைன்னு இருக்கோணும், சாய்த்தேன், எவ்வளவு நேரம் நின்றேன், வியர்வையா வேறு எதுவா, வலது தோள் ஈரமானது, பர்வீன் படமெடுத்துக்கொண்டே இருந்தாள்.

சேதுமாதவன் கண்ணாடியைத் துடைத்தார், பழையவனோட அழகு இல்ல, ஆனா இவனும் நனையறான், மதி என்றார். இப்போது ஆனி மாதம், சிக்னலில் நாற்பதடி உயரத்தில் நிற்கிறேன், கையில் கறுப்புக் குடை, இடப்பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு நடிகை சிரிக்கிறார், என் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாருக்கும் பஸ் மாறுவதில் சிரமம் இல்லை. காலையில் பலகைக்குக் கீழே நடந்து போகிறேன், மேற்கிலிருந்து சாரல் வருகிறது, குடை விளம்பரத்துக்காரனிடம் குடை இல்லை, நிறுத்தத்திலிருந்து கிளம்புகிற பஸ்ஸின் ஜன்னலில் ஜெசிந்தா, முதலில் மேலே பார்க்கிறார், அப்புறம் கீழே என்னைப் பார்க்கிறார், கம்பிக்குப் பின்னால் மடக்கிய கையை உயர்த்தி இலேசாக இடப்பக்கம் சாய்த்துக் காட்டுகிறார், இன்னும் கொஞ்சம் என்பதுபோல, பஸ் திரும்பிப் போய்விடுகிறது, போக்குவரத்து முழுவதும் என்னைத் தாண்டிப் போகிறது, சாரல் மழையாகிறது, நடுரோட்டில் என் வலது கை தோளுக்கு மேலே உயர்ந்திருக்கிறது, விரல்கள் ஒரு கைப்பிடியின் பருமனுக்கு மூடியிருக்கின்றன, கை கனக்கிறது.