மாப்பிள்ளைக்கு ஹீட்டர்

குரும்பகரம் சுவாமிநாதனின் பல்வரிசை நாகப்பட்டினத்தில் கட்டியது. தலைமுடியின் கறுப்பு சீசாவில் வருவது. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன காரில் மட்டும் ஓர் ஆணி மாறக்கூடாது. ஊர்வலத்தில் நடை வேகத்தில் போனால் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது, கொதித்து நின்றுவிடும், முன்னால் ஒரு கரண்ட் ஃபேன் மாட்டிவிடலாம் என்று டிரைவர் காத்தமுத்து ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தான்.

"பாரீசுல பூட்டுன ஸ்குரூடா ஒவ்வொண்ணும். அதுல போயி லாரிப் பட்டறை ஃபேனா?"

எழுபத்தொன்பது வைகாசியில் அவர் மகள் நீலாயதாட்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான் என்று பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார் மனுஷர். பாதி வழியில் வண்டி நின்றால் சம்பந்தி வீட்டார் சகுனம் சரியில்லை என்று பிடித்துக்கொள்வார்கள். வண்டி எக்கேடு கெட்டால் காத்தமுத்துவுக்கு என்ன? தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட பெண் தலைகுனியக் கூடாது, அவ்வளவுதான்.

பிள்ளையார் கோவிலில் புறப்பட்டதிலிருந்து நாயனக்காரர் முனைக்கு முனை நின்று வாசித்தார். மூன்றாவது முனையில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. வேறு வழி தெரியாமல், இருபத்தைந்து வருஷமாக யாரும் தொடாத ஹீட்டரைக் காத்தமுத்து முழுக்கத் திறந்தான். எஞ்சின் சூடெல்லாம் உள்ளே வந்து, பின் சீட்டில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பாலகுருவின் மேல் வீசியது. முள் இறங்கியது.

"என்னடா இப்படி அனலடிக்குது?" என்றார் முன் சீட்டில் இருந்த சுவாமிநாதன்.

"ஹீட்டருங்கய்யா. வண்டியோட வந்ததுதான். நிறுத்துனா கொதிச்சுடும்."

சுவாமிநாதன் முள்ளைப் பார்த்தார். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "கொஞ்ச தூரந்தான், பொறுத்துக்குங்க மாப்ள."

இப்படியும் ஒரு மாமனார்!

பாலகுரு பொறுக்கவில்லை. இறங்கி, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாயனமும் கூட்டமும் அவரோடு போய்விட்டன. சுவாமிநாதன் மட்டும் இறங்கவில்லை. வண்டி கடைசியாக ஊர்ந்து போனது.

வாசலில் அவர் மனைவி சொர்ணாம்பாள் மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றி முடிக்கவும் கார் வந்து நின்றது.

"பாத்தியா, ஒரு ஆணி மாத்தல, ஒரு சொட்டு கொதிக்கல!" என்று பெருமையாக இறங்கினார்.

சொர்ணாம்பாள் வேர்வையில் தொப்பலாக நனைந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். சன்னலில் கண் கலங்கி நின்ற மகளைப் பார்த்தாள். தெருவில் கொட்ட வேண்டிய ஆரத்தியை அப்படியே பானெட்டின் மேல் கவிழ்த்தாள்.

"மருமவனுக்கு எடுத்தாச்சு. உங்க மூத்த புள்ளைக்கும் எடுத்தாச்சு. உள்ள வாங்க."

சுவாமிநாதன் உள்ளே போகவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தை உருவிப் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.